விஜயா

அவள் பைக்குள் கைவிட்ட பெண் காவலர் அந்தப் பழுப்புநிறச் சீசாவை வெளியே எடுத்தார்.

கம்பம் போகும் பேருந்து. கஞ்சாச் சோதனை. உச்சி வெயில்.

சீசாவில் ஒட்டியிருந்ததைக் காவலர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“விஜயா... உங்க பேராக்கா?”

தலையாட்டினால் போதும். போன இரண்டு மாதமும் அப்படித்தான் தப்பினாள். நோயாளியின் பேரைத்தான் கடைக்காரர் ஒட்டியிருக்கிறார் என்று இவர்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். ஆயுர்வேதத்தில் விஜயா என்றால் கஞ்சா. அவளும் அதைச் சொன்னதில்லை.

பயம்தான். பிடுங்கிக்கொண்டால் அடுத்த சீசா அடுத்த மாதம்தான் கிடைக்கும்.

அவளுக்கு எலும்பில் புற்று. சீசாவிலிருக்கும் இந்த எண்ணெய் வந்த பிறகுதான் வலியில்லாமல் புரண்டு படுக்கிறாள். நடுவில் நான்கு நாள் மருந்து தீர்ந்துபோனது. அந்த நான்கு நாள் பகையாளிக்கும் வேண்டாம்.

ஆனாலும் இன்று எரிச்சலாக வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து. அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்த மருந்து. அதைச் சாப்பிட அவள் ஏன் இன்னொருத்தியாக வேண்டும்?

“எம்பேரு பவுனுத்தாயி. விஜயாங்கிறது கஞ்சா.”

பக்கத்து சீட்டுக்காரர் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். அதில் என்ன இருந்ததோ.

கீழே நின்ற எஸ்.ஐ. ஏறி வந்தார்.

“ஏம்மா, நீயா வந்து மாட்டிக்கிறியே. குடு அத.”

காவலரின் கையிலிருந்து அவள் சீசாவை வாங்கிக்கொண்டாள். பிடுங்கிக்கொண்டாள் என்றும் சொல்லலாம்.

டாக்டர் சீட்டை எஸ்.ஐ.யின் கையில் வைத்தாள். சீசாவை வைக்கவில்லை.

அவர் சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முத்திரை இருந்தது. லைசென்ஸ் எண் இருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

“எந்த டாக்டரு? எத்தன நாளா இது?”

மணி பன்னிரண்டு. மருந்து நேரம்.

மூடியைத் திருகினாள். அவர் முகத்தைப் பார்த்தபடியே நாக்குக்கு அடியில் நான்கு சொட்டு விட்டுக்கொண்டாள்.

ஊறும்வரை வாய் திறக்கக் கூடாது. ஒரு நிமிடம்.

“கேக்குறேன்ல?”

அவள் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினாள்.

டிரைவர் என்ஜினை அணைத்தார். எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

அவள் அவசரப்படவில்லை.