விழுங்கிய செல்

டாக்டர் நசீமா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சிய துளி, கண்ணாடித் தகட்டில் சாயமேறி ஊதாவாகக் காய்ந்திருந்தது. புற்றுநோயைத் தேடித்தான் குனிந்தாள், கண்டது வேறு. பெரிய செல் ஒன்று சின்னச் செல்களை முழுசு முழுசாக விழுங்கி வைத்திருந்தது. அபூர்வமான கோளாறு, ஆளைக் கொல்லாது. இத்தனை வருஷத்தில் அவள் பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்தது.

நல்ல சேதி என்பதால் கட்டிக்குச் சொந்தக்காரி செண்பகவல்லியைத் தானே உள்ளே கூப்பிட்டாள். "பயப்பட ஒண்ணுமில்லம்மா. புத்துநோய் கிடையாது."

செண்பகவல்லியின் முகம் மலரவில்லை. நான் பார்க்கலாமா என்று கேட்டு, நுண்ணோக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"உள்ள கெடக்குறதெல்லாம் செத்துருச்சா டாக்டர்?"

"இல்ல. முழுங்குமே தவிர செரிக்காது. உள்ளேயே உயிரோட இருக்கும்."

குனிந்தபடியே சொன்னாள்: "பெரிய சீக்குன்னா எங்கம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன்னு அவரு சொல்லியிருந்தாரு. அதான் வேணும்னு நெதம் சாமி கும்பிட்டேன்."

ஊசி குத்தும்போது கட்டிக்குக் கீழே பார்த்தும் பார்க்காமல் விட்ட, கன்றிய விரல் தடங்கள் நசீமாவின் நினைவுக்கு வந்தன.

கதவைத் திறந்து, பிஸ்கட் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலுமாக செண்பகவல்லியின் கணவன் எட்டிப் பார்த்தான்.

"என்ன மேடம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?"

செண்பகவல்லி நுண்ணோக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை.