யாரும் படிக்காத வலைப்பூ

இத்தாலியில், கலாப்ரியா பகுதியின் ஒரு சிற்றூரில், தண்ணீரே வராத நீரூற்றை மூன்று முறை திறந்துவைத்த மேயரைப் பற்றி, ‘மண்டையும் வறண்டவர்’ என்று எஜிதியோ தன் வலைப்பூவில் எழுதினார். மேயர் அவதூறு வழக்குப் போட்டுவிட்டார்.

“மேயரைத் தவிர ரெண்டு பேராவது படிச்சிருந்தாத்தான் சார் குற்றம். யாருமே படிக்கலைன்னு சொல்லிடுங்க, தப்பிச்சிடலாம்,” என்றாள் வக்கீல் லவீனியா.

“ஒன்பது வருஷமா எழுதறேம்மா! அதுக்கு ஜெயிலுக்கே போயிடலாம்.”

“வீம்பு பிடிக்காம சொல்லுங்க சார்!”

கூண்டில் ஏறிச் சொன்னார். அதன்பின் தலை நிமிரவில்லை.

படித்ததாகச் சாட்சி சொல்ல, மேயருக்கு அவர் மனைவி மட்டுமே கிடைத்தாள். லவீனியா புன்னகைத்தாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்த வழக்கை வேற நீதிபதிதான் விசாரிக்கணும். ரெண்டாவது சாட்சி நான். தினமும் காலையில காபியோட அதைத்தான் படிக்கிறேன்.”

லவீனியா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

எஜிதியோ கண் கலங்க எழுந்து நின்றார்.

“ஐயா... நீரூற்றுக் கட்டுரை நல்லா இருந்துச்சா?”