கீறல் படாத பின்சீட்டு

அறுபத்து நாலாம் வருஷத்துச் சித்திரை வெயில். ஆமத்தூரில் சங்கையா வீட்டு முற்றத்தில் அவருடைய பச்சை மாரிஸ் மைனர் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் மலைப்பாதையில் கார்ப் பந்தயம். புதிதாய்ப் பூட்டிய முன்விளக்குகள் கண்ணைக் கூசவைக்கின்றன. கதவில் எழுதிய வெள்ளை எண் இன்னும் காயவில்லை. டிரைவர் வேலுச்சாமி காருக்குள் குனிந்து போல்ட்டைத் திருகுகிறான். அது கிறீச்சிடுகிறது.

“பின்சீட்டைக் கழட்டி மாட்டுக்கொட்டத்துல வீசுலே. கனம் கொறஞ்சாத்தான் மலையில ஏறும்,” என்கிறார் சங்கையா, காப்பியை ஆற்றியபடி.

வேலுச்சாமியின் கை நின்றுவிடுகிறது. போன ஐப்பசியில் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்தில் தீப்பிடித்து, அவன் மனைவி மாடத்தியின் இரண்டு கைகளும் வெந்துபோயின. ஆஸ்பத்திரிக்குப் போக இந்தக் காரைக் கேட்டு அவன் இதே முற்றத்தில் நின்றான். “சீட்டு வீணாப் போயிரும்லே, வண்டி கட்டிக்கிட்டுப் போ,” என்று சொல்லிவிட்டுச் சங்கையா உள்ளே போய்விட்டார். மாட்டுவண்டி சிவகாசி போய்ச் சேரும்வரை அவள் அலறிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சீட்டை வெளியே இழுக்கிறான். சிவப்பு ரெக்சினில் ஒரு கீறல் இல்லை. பல்லை நறநறவென்று கடிக்கிறான். கையிலிருந்த ஸ்பேனரைச் சங்கையாவின் காலடியில் விட்டெறிகிறான். காப்பி வேட்டியில் கொட்டுகிறது. சீட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவை நோக்கி நடக்கிறான்.

“ஏலே, அத எங்கன கொண்டு போறே?”

“எம் பொண்டாட்டி உக்கார,” என்கிறான் திரும்பாமலே. வார்த்தைக்கு வார்த்தை சொல்லும் ‘மொதலாளி’ இன்று அவன் நாக்கில் வரவில்லை.