ஐந்தாவது அசையில் ஓர் அழுத்து

ஜன்னல் வெயில் இஸ்திரி மேசையில் சாய்ந்து கிடக்கிறது. அதன்மேல் மனைவியின் வெள்ளை மேற்சட்டை. பத்து மணிக்கு அவளுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. ஆய்வின் தலைப்பிலேயே ரயில்வண்டி நீளத்துக்கு ஓர் ஆங்கிலச் சொல் படுத்திருக்கிறது. நேற்று ஒத்திகையில் அதன் நடுவில் அவள் தடம் புரண்டதில், கேட்டவர்கள் சிரித்த சிரிப்புக்குக் கட்டடமே குலுங்கியதாம். அதனால் கணவன் அந்தச் சொல்லை ஏழு பெட்டியாகக் கழற்றி, அசைக்கு ஒரு தேய்ப்பாகச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். "எ... பிஸ்... ட... ம..." என்று இருவரும் சேர்ந்து இழுக்க, இஸ்திரிப்பெட்டி மெல்ல நகர்கிறது. "இப்ப அழுத்தும்மா." "லா" என்கிறாள். அவன் ஓங்கி அழுத்த, வீடு கொள்ளாமல் நீராவி சீறுகிறது. "ஜி", "கல்" இரண்டும் துணி ஓரத்தில் வழுக்கி இறங்குகின்றன. "நான் பரீட்சைக்குப் போறேனா, குஸ்திக்குப் போறேனா?" "பேச்சை மாத்தாம முழுசா சொல்லு." அவன் பெட்டியைக் கைப்பட்டிக்கு நகர்த்தி மறுபடி தேய்க்க, அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொல்கிறாள்: எபிஸ்டமலாஜிக்கல். எங்கும் இடறவில்லை. கேட்ட கணவனுக்கு உலகமே நின்றுவிடுகிறது. "லா"வில் அழுத்திய கையும் அங்கேயே நின்றுவிடுகிறது. கருகல் வாசனை எழுந்த பிறகுதான் பெட்டியைத் தூக்குகிறான். கைப்பட்டியில் பழுப்பாக ஒரு முக்கோணம். அவன் முகம் செத்துப்போகிறது. "முழுக்கை போட்டாத்தான் பட்டம் கொடுப்பாங்களா என்ன?" அவள் சட்டையை வாங்கி மாட்டி, இரண்டு கைகளையும் முழங்கை வரை சுருட்டிவிட்டு, அந்தச் சொல்லைப் பாட்டுப்போல முணுமுணுத்தபடி படியிறங்குகிறாள்.