ஜன்னல் பக்கம்

"இன்னிலேர்ந்து ஜன்னல் பக்கம் நான் படுத்துக்கறேன். நீங்க சுவர்ப் பக்கம் போங்க."

படகுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து ஜன்னல் அவருடையது. ஆற்றுக் காற்று முகத்தில் படாவிட்டால் தூக்கமே வராது. படகு ஓட்டுவதை விட்ட பிறகு அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரே சொத்து அந்தக் காற்றுதான்.

"என்ன திடீர்னு?"

"எனக்குப் படபடன்னு வருது. காத்து வேணும்."

தலையணையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

மறுநாள் அவர் முடிவெட்டிக்கொண்டு வந்தபோது மகன் வந்திருந்தான்.

"அம்மாவுக்காக மெத்தைக்கு அடியில ஒரு பட்டை வெச்சிருக்கேன்ப்பா. உடம்புல எதுவும் ஒட்ட வேண்டாம், மாட்ட வேண்டாம். தூங்கறப்போ நெஞ்சு எப்படித் துடிக்குதுன்னு என் போனுக்குச் சொல்லிடும்."

"உங்கம்மா நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. என் இடத்தைப் புடிக்க இதெல்லாம் ஒரு சாக்கு!"

மனைவி காதில் விழாத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சுவரோரத் தூக்கம் விநோதமாக இருந்தது. கண்ணை மூடினால் படகுதான். பனிமூட்டத்தில், கரையே தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். இன்ஜின் சீராக ஓடும். நடுவில் ஒரு துடிப்பை விழுங்கிவிடும். பிறகு அவசர அவசரமாய் நாலைந்து துடிப்பு. தண்ணீர் சத்தமே இல்லாமல் வெள்ளையாய் விரிந்து கிடக்கும். பயமே இருக்காது, இப்படியே மிதந்து போய்விடலாம் போலிருக்கும்.

யாரோ தோளைத் தொடுவார்கள். விழித்தால், மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. தூங்குங்க."

ஜன்னலையும் பிடுங்கிக்கொண்டாள், தூக்கத்தையும் கெடுக்கிறாள் என்று முனகியபடி புரண்டு படுப்பார்.

ஒரு நாள் காலையில் மகன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"அம்மா, கிளம்பு. துடிப்பு சரியில்ல. டாக்டர் உடனே கூட்டிட்டு வரச் சொல்றாரு."

படகுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரி என்று யார் பேச்செடுத்தாலும் எரிந்து விழுகிற மனுஷன், சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு முதல் ஆளாய் வண்டியில் ஏறினார். வழியெல்லாம் அவள் கையை விடவில்லை.

"ஜன்னலை நீயே வெச்சுக்கோ. எனக்கு வேண்டாம். நீ நல்லா இருந்தா போதும்."

அவள் அவர் கையை இறுக்கிக்கொண்டாள்.

டாக்டர் சோதித்தார். மறுபடியும் சோதித்தார்.

"இவங்களுக்கு ஒரு குறையும் இல்லையே!"

மகன் குழம்பினான். "பட்டை சுவர்ப் பக்கம்தானே இருக்கு? அங்கதான் படுப்பேன்னு நீதானேம்மா சொன்ன?"

அவள் மெல்ல எழுந்தாள். கணவரின் தோளைப் பிடித்து, தான் படுத்திருந்த சோதனைக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"இவரைப் பாருங்க டாக்டர். சுவர்ப் பக்கம் படுக்கறது இவருதான். தூக்கத்துல இவரு நெஞ்சு விட்டுவிட்டு அடிக்கற மாதிரி எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம்."

படகுக்காரர் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் நர்ஸ் அவர் சட்டையைக் கழற்றிவிட்டாள்.

எல்லாம் முடிந்ததும் டாக்டர் நிமிர்ந்தார். "நல்லவேளை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. மாத்திரையிலேயே கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "சந்தேகம் வந்தப்பவே இவரைக் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா? எதுக்கு இத்தனை சுத்து?"

"அவருக்குன்னா ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாரு டாக்டர்," என்றாள் அவள். "எனக்குன்னா ஓடி வருவாரு."