சொல்லாமல் தொடுவதில்லை

இருபத்திரண்டு வருட நர்ஸ் வேலையில் அவள் விடாமல் கடைப்பிடித்தது ஒன்றுதான்: யாரையும் சொல்லாமல் தொடுவதில்லை. மயங்கிக் கிடப்பவரிடமும் சொல்லுவாள், உயிர் போனவரிடமும் சொல்லுவாள்.

"அவங்களுக்குக் காது கேக்குமாடி?" என்று கூட வேலை பார்க்கும் தோழி கேலி செய்வாள்.

"கேக்காட்டி என்ன? உடம்பு அவங்களோடதுதானே?"

அன்று தொடர்ந்து இரண்டாவது ஷிப்ட். மதியம் வார்டில் இருந்த லாரி டிரைவர் இறந்துபோனார். டாக்டர் பார்த்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. அவருடைய மகள் வருவதற்குள் உடம்பைத் துடைக்க வேண்டும். தோழி வெந்நீர் எடுக்கப் போனாள். இவளுக்குக் கால் விண்விண்ணென்று வலித்தது.

"அண்ணே, முதுகு துடைக்கப்போறேன். சுவர்ப் பக்கமா திரும்பணும்" என்று பழக்கத்தில் சொன்னாள். கையுறை மாட்டினாள். ஈரத்துணியால் முதுகைத் துடைக்கத் தொடங்கினாள்.

வாளியோடு வந்த தோழி வாசலிலேயே நின்றாள்.

"தொண்ணூறு கிலோ ஆளை எப்படிடி தனியாத் திருப்பின?"

இவள் கை நின்றது. இவள் அவரைத் திருப்பவே இல்லை; யாரும் பிடித்திருக்கவும் இல்லை. ஒருக்களித்தபடியே கிடந்தார். பயப்படக்கூட இவளுக்குத் தெம்பில்லை.

"முடிஞ்சுதுண்ணே. சட்டை போடணும், கையைக் கொஞ்சம் தூக்குங்க."

கை மெல்ல உயர்ந்து, அப்படியே காத்திருந்தது.

தோழி வாளியை இறக்கி வைத்தாள்.

"அண்ணே," என்றாள், "நான் உள்ள வரலாமா?"