சிரிப்புப் பரிசோதனை

"மூச்சுக்குப் பொய் சொல்லத் தெரியாது சார். என்னை ஏமாத்திட்டு பாலிசி வாங்கின வீசிங்காரன் இந்த உலகத்துல இன்னும் பொறக்கல."

அதிகாரி இதைத் தீர்ப்பு வாசிப்பவர் போலச் சொன்னார். காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய சரிபார்ப்பு அதிகாரி அவர். பாலிசி கேட்பவர்களின் வீடு தேடி வந்து, யார் எந்த நோயை ஒளிக்கிறார்கள் என்று மோப்பம் பிடிப்பது அவர் வேலை.

எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் ஜெராக்ஸ் மெக்கானிக். ஒளிப்பதற்கு அவரிடம் இருந்ததே அந்த வீசிங் ஒன்றுதான்.

போன மாதம் ஆள்குறைப்பில் வேலை போயிற்று. வேலையோடு கம்பெனி கொடுத்திருந்த காப்பீடும் போயிற்று. போன மழைக்காலத்தில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பில்லைக் கட்டியது அந்தக் காப்பீடுதான். இன்னொரு தடவை அப்படி ஆனால், பீரோவிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வரை விற்றாலும் காணாது. தனியாக ஒரு பாலிசி எடுக்கலாம் என்று போனால், 'வீசிங்' என்று வாயெடுத்ததுமே இரண்டு கம்பெனிகள் கதவைச் சாத்திவிட்டன. மூன்றாவது கம்பெனியின் விண்ணப்பத்தில், ஏஜெண்டாக இருக்கும் மச்சானின் யோசனைப்படி, அந்தச் சொல்லை விழுங்கிவிட்டார்.

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வீடு அது. சற்று முன் மேலே வந்த அதிகாரி உடனே பெல் அடிக்கவில்லை. கதவுக்கு வெளியே வெகுநேரம் சிலையாக நின்றார். கதவின் துளை வழியாகப் பார்த்த மனைவி, "ஒட்டுக் கேக்கிறாருங்க. இருமித் தொலைக்காதீங்க" என்று மெக்கானிக்கின் காதைக் கடித்தாள். இன்ஹேலர் அவளுடைய கைப்பையில், குடைக்கு அடியில் புதைந்திருந்தது. எது நடந்தாலும் இந்த ஆள் எதிரில் அதை எடுக்கக் கூடாது என்று மெக்கானிக் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

மூச்சுக் கோளாறு உண்டா என்று அதிகாரி கேட்டார். கல்லுக்குண்டு மாதிரி இருப்பதாக மெக்கானிக் சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டு, சம்பந்தமே இல்லாமல் ஒரு கதையை ஆரம்பித்தார். ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் வரிசையாக இன்சுலினாம். சர்க்கரை யாருக்கு என்று கேட்டாராம். எங்களுக்கெல்லாம் இல்லை, நாய்க்கு என்றார்களாம்.

"நாய் எங்கேன்னு கேட்டேன். செத்துப்போச்சு சார்னாங்க. அடடா, எப்போன்னேன். 'நீங்க பெல் அடிச்சப்போ'ன்னாங்க."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்ன மனிதர் மட்டும் உதடு பிரியாமல், மெக்கானிக்கின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு இருமலானது. இருமல் நின்றபோது நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில் கிளம்பியது. அடுப்பில் குக்கரை மறந்துவிட்ட வீடு மாதிரி இருந்தது. டோனர் என்கிற ஜெராக்ஸ் மைத்தூள் தொண்டையில் மாட்டிக்கொண்டது என்று சொல்லப் பார்த்தார். 'டோ'வுக்கு மேல் மூச்சு எட்டவில்லை.

மனைவி சத்தியத்தை மீறினாள். கைப்பையைக் கவிழ்த்து, இன்ஹேலரை எடுத்து அவர் கையில் திணித்தாள். அதிகாரியின் பார்வையிலிருந்து தப்பிக்க வழியில்லாமல், சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு இழுத்தார் மெக்கானிக். திருடிய தின்பண்டத்தை வாயில் வைத்தபடி பிடிபட்ட பிள்ளைக்குக்கூட இவ்வளவு கூச்சம் இருந்திருக்காது. காது நுனி வரை சுட்டது.

"வீசிங் உள்ளவங்க வயிறு குலுங்கச் சிரிச்சா மாட்டிக்குவாங்க. இதான் என்னோட டெஸ்ட்டு" என்றார் அதிகாரி. குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் குத்தியது.

பிறகு பொறுமையாகப் பாடம் நடத்தினார். மறைத்து வாங்கினால் நாளைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது பாலிசியையே ரத்து செய்துவிடுவார்களாம். இப்போதே சொல்லிவிட்டால் பிரீமியம் கொஞ்சம் ஏறும், மூச்சுச் செலவுக்கு மட்டும் சில வருஷம் பணம் வராது, அவ்வளவுதானாம். அதுவும் மேலிடம் சம்மதித்தால்தான். முடிவு தன் கையில் இல்லையாம்.

"நோய் வர்றது கேவலம் இல்ல சார். அதை ஒளிக்கிறதுதான் கேவலம். கட்டின பொண்டாட்டியையும் சேர்த்துப் பொய் சொல்ல வெச்சிருக்கீங்க பாருங்க."

மெக்கானிக் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், அந்த இரண்டு கம்பெனிகள் உட்பட. மச்சானை மட்டும் விட்டுவிட்டார். அதிகாரி குறித்துக்கொண்டு, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மனைவி கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள், "பாவம், தன்மையாத்தான் பேசினார். பின்னாடியே போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. மனசு ஆறும்."

அவருக்கும் அப்படித்தான் பட்டது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்தபடி படியிறங்கினார்.

முதல் மாடித் திருப்பத்தில் அதிகாரியின் குரல் கேட்டு நின்றார். அதிகாரி முதுகைக் காட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, தனி பாலிசிதான். எங்களை எல்லாம் கான்ட்ராக்ட்டுக்கு மாத்திட்டாங்க, ஆபீஸ் பாலிசி நின்னுபோச்சு. அதான் உங்க கம்பெனில கேட்டிருக்கேன். தாராளமா கேளுங்க, உடம்பைப் பத்தித்தானே."

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, அதிகாரி சட்டென்று போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஓர் இன்ஹேலரை எடுத்து ஆழமாக இழுத்து, மூச்சைக் கொஞ்ச நேரம் உள்ளேயே நிறுத்தி, மெல்ல வெளியே விட்டார்.

பிறகு கையை எடுத்துவிட்டு, "சிக்னல் சரியில்லம்மா. மூச்சா? அதெல்லாம் ஒரு கோளாறும் இல்ல" என்றார்.